உறைந்த குருதியும் உருகிய நினைவும்

செவேசோவைப் பற்றி எழுதுகிறவர்கள் மேகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1976 ஜூலை 10, சனிக்கிழமை நண்பகல். மிலான் நகருக்கு வடக்கே மேதா என்னும் ஊரில் இக்மேசா ஆலையின் கலன் ஒன்று அளவுமீறிச் சூடேறியது. பாதுகாப்புத் தகடு உடைந்து வெளியேறிய புகை, பக்கத்து ஊரான செவேசோவின் தோட்டங்களில் படிந்தது. முயல்களும் கோழிகளும் செத்தன. குழந்தைகளின் முகத்தில் கொப்புளம் கிளம்பியது. புகையில் டையாக்சின் என்னும் நச்சு இருந்ததை நிறுவனம் உறுதிப்படுத்த ஏறத்தாழ பத்து நாள் ஆயிற்று. இவ்வளவும் பலமுறை சொல்லப்பட்ட கதை. திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் வேறு. அது அருகிலுள்ள தேசியோ ஊர் மருத்துவமனையின் உறைபெட்டி.

அங்கே ஆய்வகப் பொறுப்பில் இருந்த பாவ்லோ மொகாரெல்லி, வழக்கமான பரிசோதனைகளுக்காக எடுத்த குருதியில் மிஞ்சிய தெளிநீரை (சீரம்) வீசாமல் உறையவைத்தார். அத்தனை சிறிய மாதிரியில் டையாக்சினை அளக்கும் நுட்பம் அன்று உலகில் எங்கும் இல்லை. அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அதைக் கைவசப்படுத்த ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆனது. அளந்தபோது ஒரு குழந்தையின் குருதிக் கொழுப்பில் லட்சம் கோடிக்கு 56,000 பங்கு டையாக்சின் தென்பட்டது. மனித உடலில் அதுவரை கண்ட உச்சம் அதுதான். சுற்றுச்சூழல் வேதிப்பொருள்களும் பெண்ணின் கருவளமும் என்ற துறையில் கருவிகள் ஆண்டுக்காண்டு கூர்மை பெறுகின்றன. ஆனாலும் இத்துறையின் எந்த ஆய்வை எடைபோடும்போதும் நான் முதலில் பார்ப்பது கருவியை அல்ல, குருதி எடுத்த நாளை. விளைவுக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா? தரம் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலேயே பிரிந்துவிடுகிறது. மொகாரெல்லியின் உறைபெட்டி அந்தக் கேள்வியை எவரும் கேட்பதற்கு முன்பே விடை சொல்லி வைத்திருந்தது.

அந்தக் குருதியின் மேல் எழுந்த ஆய்வே செவேசோ பெண்கள் நலஆய்வு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து பிரெண்டா எஸ்கெனாசி, மொகாரெல்லி குழுவோடு சேர்ந்து 1996இல் தொடங்கினார். விபத்தன்று பிறந்த குழந்தை முதல் 40 வயது வரை இருந்து, மிகவும் மாசுபட்ட இரு மண்டலங்களில் வாழ்ந்து, உறைந்த சீரம் கைவசம் இருந்த 981 பெண்கள் இதில் பங்கேற்றனர். 2010இல் வெளியான கருவளக் கட்டுரை இந்த ஆய்வின் உச்சம் என்பேன். எடைபோட வேண்டியதும் முதன்மையாக அதைத்தான்.

அளவுகோலைப் பற்றி முதலில் ஒரு சொல். கருவளத்தை நேராக அளக்க முடியாது. மருத்துவமனைப் பதிவேட்டில் ‘மலடு’ என்று எழுதப்பட்டவரை எண்ணுவது பழைய வழி. அந்த வழியில் ஓராண்டு தவித்துப் பிறகு கருவுற்றவளும் முதல் மாதமே கருவுற்றவளும் ஒரே பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். 1985இல் டோனா பேர்டும் ஆலன் வில்காக்ஸும் எளிமையான கேள்வி ஒன்றை நெறிப்படுத்தினர்: கருத்தடையை விட்டபின் கருத்தரிக்க எத்தனை மாதம் ஆயிற்று? 678 கர்ப்பிணிகளிடம் கேட்டு, புகைபிடிக்கும் பெண்களின் மாதாந்தர வாய்ப்பு பிடிக்காதவர்களுடையதில் 72 விழுக்காடுதான் என்று கண்டனர். நோயென்று பெயரிடாத தாமதத்தையும் பிடித்துவிடுவது இக்கேள்வியின் நிறை. திட்டமிடாமல் கருவுற்றவர்களை, அதாவது பெரும்பாலும் மிகுந்த கருவளம் கொண்டவர்களை, கணக்கிலிருந்து வெளியே தள்ளுவது அதன் குறை. இந்தக் கேள்வியைத்தான் எஸ்கெனாசி குழு செவேசோவுக்குக் கொண்டுவந்தது.

விடை இது. விபத்துக்குப் பின் திட்டமிட்டுக் கருவுற்று உயிருள்ள குழந்தை பெற்ற 278 பெண்களின் நடுக்காலம் இரண்டு மாதம். 17.5 விழுக்காட்டினருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆயிற்று. குருதியின் டையாக்சின் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் மாதாந்தர வாய்ப்பு முக்கால் பங்காகச் சுருங்கியது. விகிதம் 0.75, நம்பக எல்லை 0.60 முதல் 0.95 வரை. ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டித்தது. விகிதம் 1.9, எல்லை 1.1 முதல் 3.2 வரை.

நிறைகளை முதலில் எண்ணுவோம். நச்சு உடலில் புகுந்த நாள் தெரியும். அளவு அனுமானமன்று, அளக்கப்பட்டது. குருதி கருவுறும் முயற்சிக்கு முன் எடுக்கப்பட்டது. எனவே கர்ப்பமோ பாலூட்டலோ நச்சின் அளவை மாற்றி, காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக் காட்ட வழியில்லை. 1976ஆம் ஆண்டின் அளவை முயற்சி தொடங்கிய ஆண்டுக்குக் கணித்து இறக்கிப் பார்த்தபோதும் முடிவு ஒத்தே வந்தது. ஒரே வேதிப்பொருள், ஒரே நாள், பரந்த அளவுவீச்சு என்று மூன்றும் சேர்ந்து கிடைப்பது இத்துறையில் மிக அரிது.

குறை உறைபெட்டியில் இல்லை, நேர்காணலில் இருக்கிறது. எத்தனை மாதம் என்று கேட்டது விபத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து. குருதி உறைந்து கிடந்த காலமெல்லாம் நினைவு உருகிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் மைக்கேல் ஜோஃப் செய்த ஒப்பாய்வுகள் இங்கே ஓரளவு துணைக்கு வருகின்றன. தனிப் பெண்ணின் விடை பிசகினாலும் குழுவின் மொத்த வடிவம் பெரிதும் பிசகுவதில்லை என்று அவர் காட்டினார். ஆனால் செவேசோ சாதாரண ஊரன்று. தன் வீடு எந்த மண்டலத்தில் இருந்தது என்பதை அங்கே ஒரு பெண் மறந்திருக்க முடியாது. அந்த நினைவு மாதக் கணக்கை நீட்டிச் சொல்ல வைத்திருக்கலாம். ஆயினும் ஒரே மண்டலத்துக்குள்ளேயே குருதியளவு பெரிதும் வேறுபட்டது, கணக்கும் மண்டலத்தின் மேல் நிற்காமல் குருதியளவின் மேல் நின்றது. ஆகவே இந்த ஐயம் முடிவைத் தளர்த்துகிறது, கவிழ்க்கவில்லை.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. மையக் கணக்கு குழந்தை பெற்றவர்களைக் கொண்டது. முயன்றும் கருவே தங்காதவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். கருவளத்தை அளக்க வந்த ஆய்வு, கருவளம் மிகவும் குலைந்தவர்களை விட்டுவிடுவது முரண்தான். நேர்மையாகச் சொன்னால் இந்த விடுபடல் டையாக்சினுக்குச் சாதகமாகவே இயங்கும். விளைவை மறைக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது. எனவே 0.75 என்ற எண்ணை உச்சவரம்பாகக் கொள்வதைவிட, உண்மையின் மென்மையான பதிப்பு என்று படிப்பதே பொருத்தம்.

மூன்றாவது குறையைத்தான் விமர்சகர்கள் அதிகம் பேசவில்லை. கருத்தரிக்க எடுத்த காலம் பெண்ணின் அளவு மட்டுமன்று, ஒரு தம்பதியின் அளவு. கணவரின் குருதி இந்தக் கணக்கில் இல்லை. இதே செவேசோவில் மொகாரெல்லி 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்பது வயதுக்குள் நச்சுப்பட்ட சிறுவர்கள் வளர்ந்தபோது விந்தணு குறைந்திருந்ததைக் காட்டியது. பத்து முதல் பதினேழு வயதில் பட்டவர்களிடம் அதற்கு எதிர்த்திசை தென்பட்டது. ஊர்க்காரி ஊர்க்காரனை மணந்திருந்தால் 0.75இன் எத்தனை பங்கு அவனுடையது? கட்டுரையின் தலைப்பு பெண்ணைச் சுட்டுகிறது, சான்று இருவரையும் சுட்டுகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அமெரிக்காவின் லைஃப் ஆய்வுக்குத்தான் வந்து சேரவேண்டும். ஜெர்மேன் பக் லூயி 2005 முதல் 2009 வரை மிச்சிகனிலும் டெக்சஸிலும் கருவுற விரும்பிய 501 தம்பதிகளைச் சேர்த்து, இருவர் குருதியையும் முயற்சியின் தொடக்கத்திலேயே எடுத்து, ஓராண்டு நாட்குறிப்போடு பின்தொடர்ந்தார். வடிவமைப்பில் இதற்கு நிகர் இத்துறையில் அரிது. இருபதாண்டு நினைவு இங்கே இல்லை, கருவே தங்காதவர்களும் கணக்கில் உண்டு. ஈயமும் கேட்மியமும் பற்றிய கட்டுரையில் பெண்ணின் கேட்மியத்துக்குத் தனியாகப் பார்த்தால் விகிதம் 0.78 என்று வருகிறது. இருவரையும் ஒரே கணக்கில் சேர்த்ததும் பெண்ணின் எண் பொருளிழந்து, ஆணின் ஈயம் மட்டும் நிற்கிறது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகளிலும் இதே கதை. பெண்ணின் சிறுநீரில் தெளிவான தொடர்பில்லை, ஆணின் சிறுநீரில் உண்டு. பெண்ணுக்கென்று எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையில் ஆணின் கைரேகை பதிந்திருக்கிறது. லைஃபின் குறை அதன் வாசலில் இருக்கிறது: தகுதியுள்ள தம்பதிகளில் 42 விழுக்காட்டினரே சேர்ந்தனர், சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் பாதியில் விலகினர். அளவுவீச்சும் குறுகியது. அமெரிக்கப் புறநகரின் அன்றாட மாசிலிருந்து செவேசோ போன்ற ஏணி கிடைக்காது. ஆகவே லைஃப் ‘இல்லை’ என்று சொல்லும் இடங்களை ‘இவ்வளவு சிறு ஏற்றத்தில் காணவில்லை’ என்றே படிக்கவேண்டும்.

செவேசோவின் வேறொரு முயற்சியைத் தோல்வி என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. அதன் பின்னணி இது. 1993இல் விஸ்கான்சினிலிருந்து ஷெரி ரியர் குழு ரீசஸ் குரங்குகளைப் பற்றி எழுதியது. நான்கு ஆண்டுகள் உணவில் டையாக்சின் கலந்து கொடுத்து, நிறுத்திப் பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோது, கருப்பையின் உட்படலத் திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் அளவுக்கேற்ப முற்றியிருந்தது. கூடிய அளவு உண்ட ஏழு குரங்குகளில் ஐந்தில் நடுத்தரமோ கடுமையோ ஆன நோய். அதிர்ச்சி தரும் கட்டுரை, ஆனால் குழுவுக்கு ஏழு குரங்குகள் மட்டுமே. எனவே மனிதரில் சோதிக்கும் பொறுப்பு செவேசோவின் தோளில் விழுந்தது. 2002இல் வந்த விடையில் 601 பெண்களில் நோய் உறுதியானவர் 19 பேர். உயர்ந்த அளவுக்கு ஆபத்து இரு மடங்கு, ஆனால் நம்பக எல்லை 0.5 முதல் 8.0 வரை. பாதியிலிருந்து எட்டு மடங்கு வரை எதுவும் உண்மையாக இருக்கலாம் என்று சொல்லும் எண், ஒன்றும் சொல்லவில்லை என்றே பொருள். அதைப் பிற்காலத்தார் ‘இரு மடங்கு’ என்று மட்டும் மேற்கோள் காட்டுவதற்கு ஆசிரியர்கள் பொறுப்பல்ல. அவர்கள் எல்லையையும் அச்சிட்டிருந்தார்கள்.

இன்னொன்று. டையாக்சின் கூடியபோது கருப்பை நார்த்திசுக் கட்டிகள் குறைந்தன என்றும் இதே ஆய்வு 2007இல் கண்டது. நச்சு என்றால் எல்லாம் கெடும் என்னும் எதிர்பார்ப்புக்கு எதிரான முடிவு இது, அதை வெளியிட்டது அந்தக் குழுவின் மதிப்பை உயர்த்துகிறது. ஈஸ்ட்ரோஜன் செயலை டையாக்சின் தடுக்கக்கூடியது என்ற உயிரியலோடு அது இயைந்தும் போகிறது. தனக்கு வசதியான விளைவுகளை மட்டும் அடுக்கும் ஆய்வுத் தொடர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி டெஃப்லான் பக்கம் திரும்பவேண்டும். குருதி எடுத்த நாளின் முக்கியத்துவத்தை இதைவிட நன்றாக விளக்கும் பாடம் இல்லை.

ஒட்டாத வாணலி, கறை பிடிக்காத துணி, தீயணைப்பு நுரை ஆகியவற்றில் இருக்கும் பெர்ஃப்ளூரோ சேர்மங்களை ‘அழியா வேதிப்பொருள்கள்’ என்று இன்று எல்லோரும் அறிவர். 2009இல் டென்மார்க் தேசியப் பிறப்புத் தொகுப்பின் 1,240 பெண்களை வைத்து ஃபெய் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. இச்சேர்மங்கள் குருதியில் மிகுந்த பெண்களுக்குக் கருத்தரிக்கக் கூடுதல் காலம் ஆயிற்று என்றது. மாதிரி பெரியது, தொடர்பு வலுவானது, செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் குருதி எடுத்தது கருவுற்ற பின். நுணுக்கமான பொறி அங்கேதான் இருக்கிறது. இச்சேர்மங்கள் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை. அவை வெளியேறும் வழிகளில் கர்ப்பமும் தாய்ப்பாலும் முக்கியமானவை. ஒரு குழந்தை பெற்றவளின் குருதியில் அளவு இறங்கும், அடுத்த கர்ப்பம் வரை மெல்ல ஏறும். அடுத்த கருவுக்கு நீண்டநாள் காத்திருந்தவளுக்கு ஏறுவதற்கும் நீண்டநாள் கிடைக்கும். ஆக, தாமதம் உயர்ந்த அளவை உண்டாக்கியிருக்கலாம். அளவுதான் தாமதத்தை உண்டாக்கியது என்று கொள்ளவேண்டியதில்லை.

நார்வேயில் விட்வொர்த் குழு 2012இல் இதைப் பிரித்துப் பார்த்தது. முன்பே பெற்றவர்களிடம் தொடர்பு இருந்தது. முதல் கர்ப்பத்தில் இருந்தவர்களிடம் அது மறைந்தது. அதே ஆண்டு வெஸ்டெர்கார்ட் குழு, 1990களில் முதல் குழந்தைக்கு முயன்ற 222 டேனிஷ் பெண்களிடம் முயற்சியின் தொடக்கத்திலேயே எடுத்து வைத்திருந்த குருதியை அளந்தது. தெளிவான தொடர்பு இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் 222 பேர் கொண்ட சரியான வடிவம் 1,240 பேர் கொண்ட தவறான வடிவத்தை நிறுத்திவைத்தது. எண்ணிக்கை வடிவமைப்புக்கு ஈடாகாது என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் இணை இது. கதை முடிந்துவிடவில்லை. கருவுறும் முன் குருதி எடுத்த சிங்கப்பூர்த் தொகுப்பு ஒன்று 2023இல், பல சேர்மங்களின் கலவை மிகுந்த பெண்களிடம் ஓராண்டுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்ததாகச் சொல்கிறது. முறை ஏற்புடையது. மற்றொரு நகரம் அதையே காணும்வரை நான் அதைத் ‘தீவிரமான ஐயம்’ என்னும் வரிசையில் வைக்கிறேன்.

பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்ஃபீனால்-ஏ பற்றிச் சுருக்கமாகவே பேசலாம், இரைச்சலுக்கு ஏற்ற சான்று அங்கே இல்லை. ஆய்வாளர் பாட்ரீசியா ஹன்ட்டின் கதை அழகானது. 1998இல் பொருந்தாத துப்புரவுப்பொருள் எலிக்கூண்டுகளின் பாலிகார்பனேட்டைச் சேதப்படுத்த, கசிந்த பிஸ்ஃபீனால் எலிகளின் கருமுட்டைக் குரோமோசோம்களைக் குழப்பியது. தற்செயலைச் சோதனையாக மாற்றிய அந்தக் கூர்மை பாராட்டுக்குரியது. மனிதரிடம் வந்தால் நிலம் நழுவுகிறது. இந்தப் பொருள் உடலில் சில மணி நேரமே தங்கும். ஒருநாள் காலைச் சிறுநீர் நேற்றைய டப்பா உணவைச் சொல்லும், ஆண்டின் கருவளத்தைச் சொல்லாது. பாஸ்டனின் எர்த் ஆய்வு இந்தக் குறையை உணர்ந்து செயற்கைக் கருத்தரிப்புச் சுழற்சியின்போது மாதிரி எடுத்தது. அதன் முதல் கட்டுரைகள் முட்டை எண்ணிக்கை குறைவதாகக் கண்டன. கூடுதல் பெண்களைச் சேர்த்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை காணவில்லை. அடுத்த ஆண்டு, சோயா உண்ணாதவர்களிடம் மட்டும் தொடர்பு உண்டு என்றது வேறொன்று. உட்குழுக்களாகப் பிரித்துக்கொண்டே போனால் எங்கேனும் ஒரு தொடர்பு கிடைக்கும். அதை விளக்கம் என்று ஏற்பதற்கு முன் வேறொரு மருத்துவமனையின் மறுபதிப்பைக் கேட்பது நம் உரிமை. இதே ஆய்வின் தாலேட்டுக் கட்டுரை, 256 பெண்களிடம் கருமுட்டையும் உயிர்ப்பிறப்பும் குறைவதைக் காட்டியது, இன்னும் ஒத்திசைவானது. ஆனால் செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்தவர்கள் ஏற்கனவே வடிகட்டப்பட்டவர்கள். அவர்களிடமிருந்து ஊருக்குப் பொதுவிதி எடுக்கமுடியாது.

2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிஸ்ஃபீனாலுக்கான அன்றாட வரம்பை 20,000 மடங்கு குறைத்ததை இதற்கு மறுப்பாகச் சிலர் நீட்டுகிறார்கள். அந்த வரம்பு முதன்மையாக எலிகளின் நோயெதிர்ப்பு அணுக்களின் மாற்றத்தின் மேல் அமைந்தது. ஒழுங்குமுறைக்கு அது போதும், கருவளத்துக்கு அது சான்றன்று. காப்பதற்கான அளவுகோலும் நிறுவுவதற்கான அளவுகோலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இரண்டையும் குழப்புவதில் ஆர்வலர்களும் ஆலைக்காரர்களும் சமமாகத் தேர்ந்தவர்கள்: முன்னவர் தடையை நிரூபணம் என்கிறார், பின்னவர் நிரூபணமின்மையை அனுமதி என்கிறார்.

தீர்ப்புக்கு ஓர் உரைகல் தேவை. அது மாசன்று, மருந்து. கருச்சிதைவைத் தடுக்குமென்று நம்பி 1940கள் தொட்டு 1971 வரை அமெரிக்காவில் எழுதிக்கொடுக்கப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், அதனால் பயனில்லை என்று 1953இலேயே சிகாகோ சோதனை காட்டிய பின்னும் தொடர்ந்தது. கருவில் அதைப் பெற்ற மகள்களில் 33.3 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 15.5 விழுக்காட்டினருக்கும் கருவுறுவதில் சிக்கல் என்று 2011இல் கணக்கிட்டனர். யார் உண்டார், எப்போது உண்டார் என்பது மருத்துவப் பதிவேட்டில் இருந்தது. விளைவு பெரிது, காலவரிசை ஐயமற்றது, உறுப்பில் காணக்கூடிய மாற்றமும் உண்டு. ஹார்மோன்போல் செயல்படும் வேதிப்பொருள் பெண்ணின் கருவளத்தைக் குலைக்கமுடியுமா என்ற கேள்விக்கு இதுவே முடிந்த விடை. மீதியெல்லாம் எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வயதில் என்னும் கேள்விகள்.

அந்த உரைகல்லில் உரசினால் செவேசோவின் டையாக்சின் தேறுகிறது. மாற்றுக்குறைந்த பொன், ஆனால் பொன்தான். அது கருவளத்தை அழிப்பதாக அன்றி, தாமதப்படுத்துவதாகத் தேறுகிறது. பத்து மடங்கு டையாக்சினின் விளைவும் 1985இல் கண்ட சிகரெட்டின் விளைவும் அளவில் ஏறத்தாழ ஒன்றே என்பதை நினைவில் வைத்தால் மிகைப்படுத்தவும் தோன்றாது, அலட்சியப்படுத்தவும் தோன்றாது. எண்டோமெட்ரியோசிஸ் நிறுவப்படவில்லை. தம்பதி என்ற அலகில் ஆணின் ஈயம் தேறுகிறது, பெண்ணின் கேட்மியம் தேறவில்லை. அழியா வேதிப்பொருள்களின் வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி மறுவிசாரணையில் இருக்கிறது. பிஸ்ஃபீனாலுக்கு எதிராக எலி சாட்சி சொல்கிறது, பெண் இன்னும் சொல்லவில்லை. தியோ கோல்பார்ன் முதலானோர் 1996இல் எழுதிய ‘அவர் ஸ்டோலன் ஃபியூச்சர்’ முதல் ஷானா ஸ்வானின் 2021ஆம் ஆண்டு நூல் வரை வந்த பொதுவாசிப்பு நூல்கள் இந்தத் தரவேறுபாடுகளை ஒரே அச்சக்குரலில் கரைத்துவிட்டன. துறைக்கு நிதியும் கவனமும் திரட்டித் தந்தது அவற்றின் சாதனை. எந்தச் சான்று எத்தனை கிராம் என்பதை வாசகரிடம் சொல்லாதது அவற்றின் குற்றம்.

டையாக்சின் நமக்கும் அந்நியமல்ல. 2000களில் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தார், தமிழ்நாட்டு ஆய்வாளரோடு சேர்ந்து, சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கை ஒட்டி வாழ்ந்த பெண்களின் தாய்ப்பாலை அளந்தனர். குப்பை புகைந்துகொண்டே இருந்த இடம் அது. கிடங்கருகே அல்லாதவர்களின் பாலைவிட அங்கே டையாக்சின் கூடுதலாக இருந்தது. கிடங்கருகே மேய்ந்த மாட்டின் பால் வழியாகவும் அது வந்திருக்கலாம் என்றனர். வேதியியல் நேர்த்தியானது, அளந்த பொருளும் செவேசோவின் குடும்பத்தைச் சேர்ந்ததே. கருவளத்தை அந்த ஆய்வு கேட்கவில்லை, அது அதன் நோக்கமுமன்று. ஆனால் அதைப் படித்துவிட்டுக் கருவளத்தைப் பற்றி முடிவு சொல்ல வருபவர் மாதிரி எப்படித் திரட்டப்பட்டது என்பதை ஒருமுறை பார்க்கவேண்டும். பால் கொடுத்த ஒவ்வொருவரும் தாய். அந்தக் கிடங்கின் ஓரத்தில் கருவுறாமல் காத்திருந்தவளிடம் அளப்பதற்குப் பாலே இல்லை.